கட்-ஆஃபில் மிஞ்சியதற்காக சிவில் எடுக்க வேண்டாம்: வடசென்னைப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை, மாதவரத்திலிருந்து வியாசர்பாடி வரை உள்ள அரசு, மாநகராட்சி மேல்நிலைப் பள்ளிகளுக்கு இந்த மடலை எழுதுகிறோம். நாங்கள் சிவில் பொறியாளர்கள். எங்களில் சைட்டில் நிற்பவர்கள் உண்டு, டிசைன் செய்பவர்கள் உண்டு, கல்லூரியில் பாடம் நடத்துபவர்களும் உண்டு.

தேர்வு முடிவு வந்ததும் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கூட்டி 200க்கு ஒரு கட்-ஆஃப் வருகிறது. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் மேலிருந்து கீழே இறங்குகிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காதா, சரி ஐ.டி.; அதுவும் இல்லையா, ஈ.சி.இ.; கடைசியில் "சிவில்தான் இருக்கு, போட்டுடு." இன்னொரு பக்கம், நல்ல கட்-ஆஃப் வைத்திருக்கும் பிள்ளை சிவில் கேட்டால், "இவ்ளோ மார்க் வாங்கிட்டு வெயில்ல நிக்கப் போறியா?" என்று தடுத்துவிடுகிறார்கள். இரண்டு வீட்டிலும் அந்தப் படிப்பு இந்தப் பிள்ளைக்குப் பொருந்துமா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

சோதிக்க முடியும் என்பதற்காகத்தான் எழுதுகிறோம். கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் பதியும் முன் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கி, உங்கள் பள்ளி வளாகத்திலேயே மூன்று பயிற்சிகளை நடத்துங்கள். இன்னொரு நாள் ஒரு கல்லூரியின் சிவில் ஆய்வகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். இவ்வளவுதான் எங்கள் வேண்டுகோள். எப்படி, ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதலில் சிவில் என்றால் வீடு கட்டுவது என்ற எண்ணத்தை வகுப்பறையிலேயே மாற்ற வேண்டும். அதற்கு வடசென்னையை விட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. மழைநீர் வடிகாலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பகுதி தட்டையான நிலம். பல இடங்கள் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. வடிகாலுக்கு 500க்கு 1 சரிவு வைத்தால் ஒரு கிலோமீட்டரில் 2 மீட்டர் இறங்கியாக வேண்டும். அந்த 2 மீட்டர் எங்கே இருக்கிறது? இருந்தாலும், வடிகால் போய்ச் சேரும் பக்கிங்காம் கால்வாயிலோ கொசஸ்தலையாற்றின் முகத்திலோ கடல் ஏறி நிற்கும் நேரத்தில் தண்ணீர் வெளியே போகாது, திரும்பி வரும். இதே சரிவில் 50 மீட்டர் நீளத்துக்கு இறக்கம் வெறும் 10 செ.மீ. மட்டம் எடுப்பவர் ஸ்டாஃப் என்ற உயர அளவுகோலைச் சாய்த்துப் பிடித்தாலோ, குறிப்பேட்டில் ஒரு எண்ணை மாற்றி எழுதினாலோ அந்த 10 செ.மீ. காணாமல் போகும். பிறகு எத்தனை கோடி செலவழித்து கான்கிரீட் போட்டாலும் அந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், வண்டல் சேரும், கொசு வரும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று கேட்கும் பிள்ளை ஏற்கெனவே நீரியலின் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டது.

கடற்கரையும் அப்படித்தான். நம் கரையோரமாக மணல் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. இப்போது போட்டிருக்கும் கல் சுவரும், கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகளும் அந்த இழப்பைப் பிடித்து நிறுத்த வந்தவை. ஒரு தூண்டில் வளைவு தன் தெற்குப் பக்கத்தில் மணலைச் சேர்க்கும். அரிப்பை வடக்கே தள்ளியும் விடும். எங்கே, எத்தனை, எவ்வளவு நீளம் என்பது கணக்கு. மீனவக் குப்பத்துப் பிள்ளை இந்தக் கணக்கைப் படித்தால், கரையைத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் உட்காருவார். இது எங்களுக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

இனி வீட்டுக்கே வருவோம். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், கடலோரச் சூழலுக்குத் திறந்திருக்கும் கம்பி கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்ற வகையில் வைக்கிறது. அதற்குக் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45க்கு மிகாமல், கம்பிக்கு வெளியே கவர் எனப்படும் 45 மி.மீ. கான்கிரீட் மூடல் வேண்டும். 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. மணலில் இருக்கும் ஈரமும் அதற்குள் அடக்கம். சைட்டில் நடப்பது வேறு. கலவை கெட்டியாக இருக்கிறது, ஓடவில்லை என்று மூட்டைக்கு 10 லிட்டர் கூடுதலாக ஊற்றுகிறார்கள். விகிதம் 0.65 ஆகிவிடுகிறது. அந்தக் கூடுதல் தண்ணீர் காய்ந்து போகும்போது நுண்துளைகளை விட்டுப் போகிறது; உப்பு அவற்றின் வழியே கம்பியைத் தேடிப் போகிறது. துரு இரும்பை விட அதிக இடம் கேட்கும், கான்கிரீட்டை உள்ளிருந்து உடைக்கும். கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் அதை சென்டரிங் பலகையிலேயே கிடத்திவிட்டால் இந்தப் பயணம் இன்னும் குறுகிவிடும். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்புத் தொகுதி ஒன்று இடிந்தபோது, விரிசலைக் கண்டு மக்கள் முன்னதாகவே வெளியேறியதால்தான் உயிர்கள் தப்பின. எந்த விரிசல் பூச்சோடு நிற்பது, எது கம்பி வரை போவது, எது அஸ்திவாரம் இறங்கியதால் வந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் ஒவ்வொரு தெருவுக்கும் வேண்டும்.

இப்போது பயிற்சிகள்.

முதலாவதற்கு 3 மீட்டர் பலகை ஒன்று, எடை பார்க்கும் கருவி இரண்டு, 15 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று போதும். பலகையின் இரு முனைகளையும் இரண்டு கருவிகள் மேல் வைத்து அளவைக் குறியுங்கள். கேனை இடது முனையிலிருந்து 1 மீட்டரில் வைக்கப் போகிறோம், எந்தக் கருவியில் எவ்வளவு கூடும் என்று வைப்பதற்கு முன்பே எழுதச் சொல்லுங்கள். விடை இடதில் 10 கிலோ, வலதில் 5 கிலோ. அடுத்து வலது கருவியை 1 மீட்டர் உள்ளே தள்ளி, கேனை வெளியே நீட்டிய முனையில் வையுங்கள். பலகையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், எகிறும். இடது கருவியில் எடை 7.5 கிலோ குறைய வேண்டும். பலகையின் எடை அங்கே அதற்கும் குறைவாக இருந்தால் அந்த முனை தூக்கிக்கொள்ளும். வலதில் 22.5 கிலோ கூடும். பாரம் ஏற்றிய பிறகு ஒரு பக்கம் எடை ஏன் குறைகிறது என்று கேட்டு, விடை தெரியும் வரை பலகையை விட்டு நகராத பிள்ளையைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை தவறாக எழுதியிருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது, உங்கள் பள்ளி மாடிப்படி. டேப் ஒன்று கொடுத்து ஒவ்வொரு படியின் உயரம், அகலம், எண்ணிக்கை, இடைமேடை ஆகியவற்றை அளந்து, மேலிருந்து பார்த்த படமும் குறுக்கே வெட்டிய படமும் 50க்கு 1 அளவில் வரையச் சொல்லுங்கள். படி உயரம் 150, அகலம் 300 மி.மீ. என்றால் 'இரண்டு உயரம், ஓர் அகலம்' சேர்ந்து 600; நடைக்கு வசதியான படிகள் இதை ஒட்டியே வரும். ஒரு படி மட்டும் 20 மி.மீ. உயரமாக இருந்தால் ஏன் எல்லோரும் அங்கேயே தடுக்குகிறார்கள் என்றும் கேளுங்கள். நேர்த்தியாகக் கோடு போடுகிறார்களா என்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா, பொருந்தாதபோது அழித்துவிட்டுத் திரும்ப அளக்கப் போகிறார்களா என்று பாருங்கள். வரைவதில் மட்டும் உயிரை விடும் பிள்ளை ஒன்று உங்கள் கண்ணில் படலாம். அந்தப் பிள்ளைக்கு ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பைப் பற்றிச் சொல்லுங்கள். அதற்கு நாட்டா போன்ற தனி நுழைவுத் தேர்வு உண்டு என்பதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது அளவுக் கணக்கு. 10 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் உயரம், 20 செ.மீ. கனத்தில் ஒரு சுவர்: 3 கன மீட்டர். 19 செ.மீ. நீளச் செங்கல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 500 என்றால் 1500 கல். 6 மீட்டருக்கு 5 மீட்டர் அறை, 12.5 செ.மீ. தளம்: 3.75 கன மீட்டர். சிமென்ட், மணல், ஜல்லி 1:1.5:3 என்ற கலவையில் கன மீட்டருக்கு சுமார் 8 மூட்டை சிமென்ட் என்று வைத்தால் 30 மூட்டை. இதைப் போடுவது எளிது. இதற்குப் பிறகு, "என்ன விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். கேட் திறப்பைக் கழிக்கவில்லை, சேதாரம் சேர்க்கவில்லை, அஸ்திவாரத்தை மறந்துவிட்டோம், கம்பி எங்கே என்று ஒவ்வொன்றாக எழும். கம்பியின் எடைக்கு விட்டத்தை மி.மீ.யில் எடுத்து வர்க்கம் செய்து 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும், 12 மி.மீ. கம்பி 0.89 கிலோ. விட்டுப்போனதைத் தேடுவதில் ஆர்வம் காட்டுகிறவர்தான் இந்தத் தொழிலில் நிலைப்பார். பொறியாளரின் பெரும்பாலான நாள் இந்தத் தேடலிலேயே போகிறது.

மூன்றிலும் சலிப்படைந்த பிள்ளையை, கட்-ஆஃபுக்குக் கிடைக்கிறது என்பதற்காக சிவிலில் சேர்க்காதீர்கள். நான்காண்டும் அரியரோடு போராடுவது அந்தப் பிள்ளைதான்.

அரியர் எங்கே விழுகிறது என்பதும் தெரிந்த விஷயமே. முதலாண்டில் கணிதம், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். அதன் பிறகு மெக்கானிக்ஸ், ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் என்று ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும் பாடங்கள். கீழே உள்ளது புரியாவிட்டால் மேலே உள்ளது புரியாது. இதன் வேர் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இருக்கிறது: வெக்டர், விசையின் திருப்புத்திறன், சமநிலை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் அவசரத்தில் பதினொன்றாம் வகுப்புப் பாடம் ஓரமாகப் போய்விடுகிறது. கல்லூரியின் முதல் ஆண்டு அதன் விலையைக் கேட்கிறது. தேர்வு முடிந்து கல்லூரி தொடங்கும் வரை கிடைக்கும் மாதங்களில் இந்த மூன்றையும், அவற்றோடு முக்கோணவியலையும் திரும்பப் படிக்க வையுங்கள். ஸ்டூல், செங்கல், தண்ணீர்க் குழாய் டீ என்று கையில் கிடைக்கும் பொருள்களை முன்னிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து வரையச் சொல்லுங்கள். வரைபலகையில் பொருத்தும் மினி டிராஃப்டரை முதன்முதலாகக் கல்லூரியில் தொடும் பிள்ளைக்குப் பாதிப் பயம் இதிலேயே போய்விடும்.

கொத்தனார், கம்பி கட்டுபவர், சித்தாள் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிறைய இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றை உறுதியாகச் சொல்லுங்கள்: வீட்டில் கேட்ட பேச்சு இங்கே மூலதனம். சன்ஷேடுக்குக் கம்பி மேலே வரும் என்று அந்தப் பிள்ளைக்கு அப்பா சொல்லித் தெரிந்திருக்கும். ஏன் மேலே என்பதற்கான விடை முதல் பயிற்சியின் பலகையிலேயே இருக்கிறது. வெளியே நீட்டிய முனையில் பாரம் விழுந்தால் இழுவிசை மேல்பக்கம் வரும். கான்கிரீட் இழுவையைத் தாங்காது, கம்பிதான் தாங்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆள் மிதித்துக் கம்பி கீழே இறங்கிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. முட்டு எடுத்த அன்றைக்குத்தான் தெரியும். அப்பாவின் கைப்பழக்கத்துக்கும் இந்தக் காரணத்துக்கும் நடுவில்தான் பட்டப்படிப்பு இருக்கிறது. அந்த வீட்டுப் பெற்றோர் வெயிலை நினைத்து வேண்டாம் என்றால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, மறுக்காதீர்கள். டிசைன், எஸ்டிமேஷன், நீர்த்தர ஆய்வகம், வரைபடத் தொழில்நுட்பம் என்று நிழலில் செய்யும் வேலைகளும் இதே பட்டத்துக்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனாலும் சைட் தெரியாமல் டிசைன் செய்பவரின் வரைபடத்தில், கான்கிரீட்டை இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி நுழைய இடம் இருக்காது. தொடக்க ஆண்டுகளில் கொஞ்ச காலமாவது சைட்டில் நிற்பது நல்லது.

"பொண்ணுக்கு சிவில் எதுக்கு?" என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1940களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்த பி.கே. தெரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். சைட்டில் கழிப்பறை இருக்கிறதா, இரவு கான்கிரீட் முடிந்து வீடு திரும்ப வண்டி உண்டா என்று வேலையில் சேரும்போது கேட்க வேண்டும், கேட்கும் உரிமை உண்டு என்று கற்றுக்கொடுங்கள்.

வருமானம் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். தொடக்கச் சம்பளம் பெரிய மென்பொருள் நிறுவனங்களை விடக் குறைவாகவே இருக்கும், கான்கிரீட் நாளில் நேரம் காலம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் போகும். 45 வயது மேஸ்திரியிடம் 22 வயதில், "அண்ணே, இந்தக் கம்பியைப் பிரிச்சுத் திரும்பக் கட்டணும்" என்று மரியாதை குறையாமல், பின்வாங்காமல் சொல்ல வேண்டியிருக்கும். அனுபவம் ஏற ஏறத்தான் மதிப்பு ஏறும். வீட்டில் உடனடியாகப் பணம் தேவை என்ற நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இந்த உண்மை முன்கூட்டியே தெரிய வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்றாண்டு டிப்ளமோ, அதன் பின் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு என்ற வழியும் இருக்கிறது. இடையில் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கலாம்; எஸ்.எஸ்.சி. ஜூனியர் இன்ஜினியர் தேர்வை டிப்ளமோ தகுதியிலேயே எழுதலாம். அந்தப் பேச்சை நீங்கள் பத்தாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

அரசுப் பணி குறித்து ஒரு நுணுக்கம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்து பட்டம் வரை முழுவதும் தமிழ்வழியாக இருந்தால்தான் அது செல்லும். ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் படித்த பிள்ளை டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் பணியைக் குறிவைத்தால், ஆங்கில வழி பி.இ.யில் சேரும் நாளில் அந்த முன்னுரிமையை அந்தப் பதவிக்கு இழக்கிறது. மறுபக்கம், தர விதிகளும் ஒப்பந்த ஆவணங்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழ்வழியில் சேர்ந்தாலும் அவற்றை வாசிக்கப் பழகியே ஆக வேண்டும். இரண்டையும் சொல்லி, முடிவைப் பிள்ளையிடம் விடுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையில் உட்காராதீர்கள், நேரே கான்கிரீட் ஆய்வகத்துக்குப் போங்கள். தண்ணீர்த் தொட்டியில் 150 மி.மீ. கான்கிரீட் கியூப்கள் தேதி எழுதிக் கிடக்கின்றனவா? 7 நாளிலும் 28 நாளிலும் அவற்றை உடைத்துப் பார்த்த பதிவேடு இருக்கிறதா? அழுத்தச் சோதனை இயந்திரத்தில் அளவுத்திருத்தம் செய்த தேதி ஒட்டியிருக்கிறதா? சர்வே கருவி அறையில் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி எத்தனை, ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள்? ஆறு பேருக்கு மேல் என்றால் இரண்டு பேர் கற்பார்கள், மற்றவர்கள் குடை பிடிப்பார்கள். மண் ஆய்வகக் கருவிகளில் தூசி படிந்திருந்தால் காரணம் கேளுங்கள். வேலைவாய்ப்பு எண்ணிக்கையைக் காட்டினால், "இதில் சிவில் மாணவர்கள் எத்தனை பேர், அதிலும் சிவில் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்?" என்று பிரித்துக் கேளுங்கள். கல்லூரிவாரியான தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது, அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் தராத கல்லூரி, வீட்டிலிருந்து எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் வேண்டாம்.

பணத்துக்கான வழிகளை நீங்கள் அறிவீர்கள். தவறு நடக்கும் இடங்களை மட்டும் குறிப்பிடுகிறோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் வரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி சேரும், உதவிபெறும் பள்ளி சேராது. ராயபுரம், பெரம்பூர் பக்கத்தில் பல குடும்பங்கள் இந்த வேறுபாட்டைக் கலந்தாய்வு நாளில்தான் அறிகின்றன. முதல் பட்டதாரி சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்பவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில், "சீட் உறுதி, இப்பவே முன்பணம் கட்டுங்க" என்பவரிடம் பணம் கொடுத்தால் இந்த இரண்டுமே கைவிட்டுப் போகும். முதல் பட்டதாரி, சாதி, வருமானச் சான்றுகளை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வையுங்கள். சான்றில் இருக்கும் பெயரும் மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பெயரும் முதலெழுத்து உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று வகுப்பாசிரியர் சரிபார்த்தால் பாதி அலைச்சல் குறையும்.

விருப்பப் பட்டியலில் மிகப் பெரிய பிழை வரிசையில்தான் நடக்கிறது. பட்டியலை மேலிருந்து பார்த்து, தரவரிசைக்குக் கிடைக்கும் முதல் இடத்தைக் கணினி ஒதுக்கிவிடும். அதற்குக் கீழே இருப்பதைப் பார்க்காது. 'கிடைக்குமோ கிடைக்காதோ' என்று பயந்து பாதுகாப்பான கல்லூரியை மேலே போட்டால், விரும்பிய கல்லூரி காலியாக இருந்தாலும் வராது. சேர விருப்பமே இல்லாத கல்லூரியை எண்ணிக்கைக்காகச் சேர்த்தாலும் அதுவே வந்து விழலாம். சனிக்கிழமைப் பயிற்சியில் சிவில் பொருந்தும் என்று தெரிந்த பிள்ளைக்கு, ஆய்வகம் நன்றாக உள்ள கல்லூரிகளின் சிவில் இடங்களை முதல் வரிகளிலேயே போடச் சொல்லுங்கள். பட்டியலை அச்செடுத்து, ஆசிரியர் ஒருவர் அந்தப் பிள்ளையோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்த பிறகே லாக் செய்ய விடுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னை சிவில் பொறியாளர்கள் சிலர்